கை வைத்துப் பார்த்த தண்ணீர்

சென்ட் லோரன்ட், மொன்றியல்
நவம்பர் 18

அன்புள்ள சிசிலி அக்காவுக்கு,

எல்லாம் நான் சொன்னபடியே நடந்தது. முதல் ஸ்னோ இந்தக் கிழமை கொட்டும் என்றேன், கொட்டிவிட்டது. தொலைக்காட்சிக்காரன் மழை என்றான், என் இடது முழங்கால் ஸ்னோ என்றது. தெருவில் ஸ்னோ அள்ளுகிற நகரசபை ஆட்கள் இப்போது என்னைக் கண்டால், "முசியூ, நாளைக்கு எப்படி?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். சின்னவன் நிஷானுக்குக் கார்டெரியில், அதுதான் பிள்ளைகள் காப்பகத்தில், இடம் கிடைக்காது என்றும் சொன்னேன். பெயர் எழுதிக் கொடுத்து மூன்றாவது குளிர்காலம், இன்னும் கூப்பிடவில்லை. கடைசியில் பிள்ளைகளைப் பார்க்க உங்கள் மகள் என்னிடம்தான் வந்து நிற்பாள் என்றும் சொன்னேன். வந்து நின்றாள். நான் என் அறையைக் காலி செய்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மாதாவின் புண்ணியத்தில் நான் நல்ல சுகம். உங்கள் காது எப்படி? தொலைபேசியில் கத்திக் கத்தி என் தொண்டைதான் போனது. கைபேசியில் தட்டி அனுப்பினால் அது கடிதமாகாது என்பது உங்கள் சட்டம், ஆகவே தாளும் பேனையும்.

நிரோஜாவின் பெயர் வந்தால் கிழித்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். கிழியுங்கள், வாசித்துவிட்டுக் கிழியுங்கள். அவள் ரதீசனைக் கட்டி எட்டு வருடமாகிவிட்டது. அவன் முன்பு ஒருத்தியைக் கட்டி விட்டவன்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் கெட்டவன் இல்லை. லொறி ஓட்டிக்கொண்டு டொரொன்டோவுக்குப் போனால் மூன்றாம் நாள்தான் வருவான். நிரோஜா விடிய முன்னமே டோர்வலுக்குப் போகிறாள். விமானத்தில் கொடுக்கிற சாப்பாட்டைத் தட்டில் அடுக்குகிற வேலை. இந்த நாட்டில் யாராவது ஆகாயத்தில் பசியாறினால் அது நம்முடைய பிள்ளையின் கை.

வீடு முழுக்க என் பொறுப்பு. உடுப்பு மாட்டுவதில் நான் புதிய முறை ஒன்று கண்டுபிடித்திருக்கிறேன். முதலில் கையுறை, பிறகு மற்றதெல்லாம். மூத்தவள் தனுஷாவுக்கு ஐந்து வயதுதான், பாலர் பள்ளிக்கூடத்தில் முழுக்கப் பிரெஞ்சு. என் திறமையைப் பார்த்து, "பா கொம் சா, தொன்தோன்!" என்கிறாள். தொன்தோன் என்றால் மாமா. மற்றது பிரெஞ்சில் மிகப் பெரிய பாராட்டு.

வேறு விசேடம் இல்லை. பதில் போடவும்.

உங்கள் தம்பி
நீக்கிலாப்பிள்ளை


குருநகர், யாழ்ப்பாணம்
டிசம்பர் 12

தம்பி நீக்கிலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சுகம். மழை விட்டபாடில்லை, முற்றத்தில் கணுக்கால் தண்ணீர். காது அப்படியேதான்.

ஒரு பக்கத்தில் பதினொரு எழுத்துப் பிழை. சிவப்புப் பேனையால் திருத்தித் திருப்பி அனுப்ப நினைத்தேன், தபால் செலவை எண்ணி விட்டுவிட்டேன். கன்னியர் மடத்தில் பிரெஞ்சு தெரிந்த ஒரு சிஸ்டர் இருக்கிறார். "பா கொம் சா" என்றால் "அப்படியில்லை" என்று அர்த்தமாம். உன் பாராட்டை நீயே வைத்துக்கொள். கையுறையைக் கடைசியில் போடு. கையுறையோடு ஒரு பிள்ளை எப்படித் தன் பொத்தானைப் பூட்டும்? முப்பது வருடம் அந்த நாட்டில் கோப்பை கழுவியவனுக்கு இது தெரியவில்லையா?

நீ எழுதினாலும் எழுதாவிட்டாலும் நான் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. என் பேச்சைக் கேட்காமல் போனவள். நான் என்ன செய்தேன் என்பது அவளுக்கும் எனக்கும் தெரியும். அது முடிந்த கதை.

பையன் காதை மூடித் தொப்பி போடுகிறானா? எந்தப் பக்கம் சரிந்து படுப்பான்? இருமல் ஏதும் உண்டா?

சீனி வருத்தத்துக்குக் குளிசை போடு. பாலன் பிறப்புக்குப் பூசைக்குப் போ.

அக்கா
சிசிலி


சென்ட் லோரன்ட்
ஜனவரி 6

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். கடவுள் எல்லாரையும் காக்கட்டும்.

அந்த சிஸ்டர் பாரிஸ் பிரெஞ்சு படித்திருப்பார். கெபெக் பிரெஞ்சு வேறு. விடுங்கள்.

இங்கே ஸ்னோ ஆள் உயரம். பின்னேரம் ஒரு வண்டி ஊளையிட்டுக்கொண்டு வரும். அந்தச் சத்தம் கேட்டதும் தெருவில் நிற்கிற கார்களை எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நம்முடைய தெருவில் எல்லாரையும் நான்தான் கதவு தட்டி எழுப்புகிறேன். ஒரு கிரேக்கக் கிழவர் என் கையைப் பிடித்து அழுதேவிட்டார்.

நிஷான் வலது பக்கம் சரிந்து படுப்பான். உங்களைப் போல. காதை மூடித்தான் தொப்பி. இருமல் வரவிடுவேனா நான்? அவனுக்கு உடுப்பு மாட்டுவது ஒரு யுத்தம். உள்ளுக்கு ஒன்று, அதற்கு மேல் ஒன்று, அதற்கு மேல் ஸ்னோ உடுப்பு, சப்பாத்து, தொப்பி, கழுத்துச் சுற்று எல்லாம் மாட்டிக் கதவைத் திறந்த பிறகு நிமிர்ந்து பார்ப்பான். "தொன்தோன், ஒண்டுக்கு." பிறகு எல்லாவற்றையும் கழற்ற வேண்டும். கழற்றி முடிக்க, "இப்ப வரேல்லை" என்பான். கள்ளன்!

நிரோஜாவும் நானும் ஒரே சிந்தனை. பிள்ளைகளுக்குத் தொலைக்காட்சி போடாதீர்கள், இனிப்புக் கொடுக்காதீர்கள், கடுங்குளிர் என்று அறிவித்தால் வெளியில் கொண்டுபோகாதீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருக்கிறாள். எனக்கு எதற்குத் தாள்? அவள் நினைக்க முன்னமே நான் செய்து முடித்துவிடுவேன்.

நத்தாருக்கு அவள் பயத்தம் பணியாரம் சுட்டாள். மாவை வறுத்துவிட்டு உள்ளங்கையில் போட்டு ஊதிப் பார்த்தாள், நீங்கள் பார்ப்பதுபோல.

அன்புத் தம்பி
நீக்கிலாப்பிள்ளை


மொன்றியல்
பெப்ரவரி 8

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் பதிலுக்குக் காத்திராமல் எழுதுகிறேன். எல்லாரும் சுகம்.

போன கிழமை இங்கே வந்த குளிர் சரித்திரத்தில் இல்லாதது. துப்பினால் கல்லாக விழும். பிள்ளைகள் ஒரே கரைச்சல், சறுக்கப் போக வேண்டுமாம். நான் துணிந்தவன் அல்லவா? பூங்காவில் ஒரு மேடு, அதிலிருந்து சறுக்கினோம். மொன்றியல் முழுக்க வீட்டுக்குள் ஒடுங்கியிருக்க, நாங்கள் மூன்று பேர் மட்டும் அங்கே ராசாக்கள். கடைசித் தடவை நிஷானின் ஒரு சப்பாத்து கழன்று ஸ்னோவுக்குள் போய்விட்டது. தோண்டினேன், காணவில்லை. தூக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கால் மெழுகுபோல வெள்ளை.

வேறு ஆளென்றால் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பான். நான் உடனே கேத்தலில் தண்ணீர் கொதிக்க வைத்து, பேசினில் ஊற்றி, உப்புப் போட்டு, பச்சைத் தண்ணீர் கலந்து, கையை வைத்துப் பார்த்து, அதற்குள் காலை வைத்தேன். பிள்ளை அழவேயில்லை. கொஞ்ச நேரத்தில் கால் சிவந்து இரத்தம் ஓடத் தொடங்கிவிட்டது. பிறகு காட்டிய டாக்டர், "இந்த வைத்தியம் எங்கே படித்தீர்கள்?" என்று கேட்டார்.

இதுதான் முக்கியம், அக்கா. நிரோஜா வேலையால் வந்தாள். பேசினைப் பார்த்தாள். பிள்ளையின் காலைப் பார்த்தாள். அப்படியே நிலத்தில் இருந்து அழத் தொடங்கிவிட்டாள். "மாமா, அம்மாவும் எனக்கு இப்பிடித்தான் செய்தவ. சுடுதண்ணியிலை உப்புப் போட்டுக் காலைப் பிடிச்சுக்கொண்டு இருப்பா" என்றாள். இதை எழுதும்போது என் கண்ணே நனைகிறது.

இனிப் பதிலை லவாலில் என் கூட்டாளி யோசெப்பின் விலாசத்துக்குப் போடுங்கள், கீழே எழுதியிருக்கிறேன். வீட்டில் பெயின்ட் அடிக்கிறார்கள், அந்த மணம் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. நான் பகலில் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன்.

தம்பி
நீக்கிலாப்பிள்ளை


குருநகர்
மார்ச் 1

என் அன்புத் தம்பிக்கு,

உன் இரண்டு கடிதங்களும் ஒரே நாளில் கிடைத்தன. பிந்தியதை முதலில் பிரித்தேன். இரண்டு இரவு நித்திரை இல்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நினைவில்லை. அவளுடைய சின்ன வயதில் நான் இருட்டோடு எழும்பிப் பள்ளிக்கூடம் போய்விடுவேன், வந்தால் கொப்பி திருத்துவேன். அவளுடைய காலைப் பிடித்துக்கொண்டு இருக்க எனக்கு எங்கே நேரம் இருந்தது? நல்ல தாயாக இருந்தேன் என்று யாராவது சொன்னால் நானே நம்பமாட்டேன். அடித்தது நினைவிருக்கிறது. அவள் தொலைபேசியில் கல்யாணச் செய்தி சொன்ன அன்று என்ன சொல்லி வைத்தேன் என்பதும் ஒரு சொல் விடாமல் நினைவிருக்கிறது. ஆனால் அவளுக்கு அந்தச் சுடுதண்ணீர் நினைவிருக்கிறதாமே. நான் மறந்த ஒன்றை அவள் வைத்திருக்கிறாள்.

ஆகவே அவளுக்கு நானே எழுதிவிட்டேன். சென்ட் லோரன்ட் விலாசத்துக்கு. எட்டு வருடத்தில் முதல் கடிதம். ரதீசனுக்கும் சுகம் கேட்டு எழுதியிருக்கிறேன், அந்த வரியை எழுத அரை நாள் போனது. நீ ஒன்றும் சொல்லிவிடாதே, அவளே பிரித்துப் பார்க்கட்டும். சுடுதண்ணீர் வைத்த மாமாவை நன்றாக வைத்திரு என்றும் எழுதினேன். மடத்துச் சிஸ்டர் கம்பளி நூல் தந்தார். பையனுக்கு ஒரு சோடி காலுறை பின்னி அதற்குள் வைத்தேன். இந்த வெயிலில் கம்பளி பின்னுகிறேன் என்று அயலட்டை சிரிக்கிறது.

உன் கடிதத்தில் எழுத்துப் பிழை இருந்தது. இந்த முறை எண்ணவில்லை.

அன்புடன்
அக்கா


லவால்
மார்ச் 21

அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். அவசரமாக எழுதுகிறேன்.

நிரோஜாவுக்கு எழுதிய கடிதத்தைத் தபாலில் சேர்த்துவிட்டீர்களா? சேர்க்காவிட்டால் சேர்க்க வேண்டாம். சேர்த்திருந்தால் தபாற்கந்தோரில் சொல்லித் திருப்பி எடுக்க வழியிருக்கிறதா என்று கேளுங்கள். இங்கே தபால்காரன் ஸ்னோவில் விழுந்து காலை முறித்துவிட்டான், கடிதமெல்லாம் தெருவில் கிடக்கிறது, யார் யாரோ எடுத்து வாசிக்கிறார்கள். நம்முடைய குடும்ப விசயம் வெளியில் போகக்கூடாது. எதை எழுதுவதானாலும் முதலில் எனக்கு அனுப்புங்கள், நான் நேரம் பார்த்துக் கொடுக்கிறேன். அவளுக்கு இப்போது வேலை கூட. களைத்துப்போயிருக்கிறாள். களைத்த ஆளுக்கு நல்லதும் கெட்டதாகத் தெரியும்.

பிள்ளைகள் நல்ல சுகம். நிஷான் கட்டிலுக்குக் கட்டில் தாவுகிறான். நேற்றுக்கூட என் தோளில் ஏறி இருந்துகொண்டு இறங்கமாட்டேன் என்றான்.

நீக்கிலா


சென்ட் லோரன்ட்
மார்ச் 24

அம்மாவுக்கு,

சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

உங்கள் கடிதம் வந்தது. கீழே தபால் பெட்டியில் உங்கள் கையெழுத்தைக் கண்டதும் கையுறையைக் கழற்றாமலே பிரித்தேன். படிக்கட்டிலேயே இருந்து வாசித்தேன்.

மாமா உங்களுக்கு என்ன எழுதினார் என்று எனக்குத் தெரியாது. நடந்ததை நான் சொல்கிறேன். கடுங்குளிர் நாளில் கொண்டுபோகாதீர்கள் என்று எழுதி ஒட்டியிருந்தும் பிள்ளைகளை வெளியில் கொண்டுபோனார். நிஷானின் கால் விறைத்துவிட்டது. அத்தோடு விட்டிருந்தால் ஆறியிருக்கும். கேத்தல் தண்ணீரைப் பேசினில் ஊற்றினார். கை வைத்துப் பார்த்தாராம், சுடவில்லையாம். வெறுங்கையால் ஸ்னோவைத் தோண்டி விறைத்துப்போன கை, அதற்கு எப்படிச் சுடும்? பிள்ளையின் காலுக்கும் விறைப்பு, அவனும் அழவில்லை. தனுஷா பக்கத்தில் நின்று "பா கொம் சா" என்று சொல்லியிருக்கிறாள். அப்படியில்லை, அப்படியில்லை என்று. அவர் சிரித்தாராம்.

நான் வரும்போது தோல் கழன்றிருந்தது. ஆஸ்பத்திரியில் தொடையில் தோல் எடுத்துக் காலில் வைத்தார்கள். பிள்ளைகளின் பாதுகாப்பைப் பார்க்கிற அலுவலகத்திலிருந்து ஒருத்தி வந்து, என் குசினியில் இருந்துகொண்டு, என்னை வெளியில் நிற்கச் சொல்லிவிட்டுத் தனுஷாவிடம் தனியாகப் பிரெஞ்சில் கேள்வி கேட்டாள். கதவுக்கு வெளியே நின்றபோது பிள்ளைகளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று நினைத்தேன். கொண்டுபோகவில்லை. ஆனால் இன்னும் வருகிறார்கள். அடுத்த நாளே மாமாவைப் போகச் சொல்லிவிட்டேன். பிறகு அவர் இந்த வாசலுக்கு வரவில்லை, பிள்ளைகளைப் பார்க்கவும் இல்லை. நிஷானைப் பார்க்க இப்போது நான் வேலைக்கும் போவதில்லை.

இந்த நேரத்தில் உங்கள் கடிதம். எட்டு வருடம் கழித்து நீங்கள் எழுதிய முதல் கடிதம் சுடுதண்ணீரைப் பற்றி. "நீ அதை நினைவு வைத்திருக்கிறாய் என்று அறிந்தேன்." நான் எதை நினைவு வைத்திருக்கிறேன், அம்மா? அப்படி ஒரு சொல் என் வாயிலிருந்து வரவில்லை. நீங்கள் ஒரு நாளும் எனக்கு அப்படிச் செய்ததில்லை. "மாமாவை நன்றாக வைத்திரு" என்கிறீர்கள். அவரைத் திரும்ப வீட்டுக்குள் விடவைக்கத்தான் இரண்டு பேரும் சேர்ந்து இதை எழுதினீர்களா? அதற்காவது உங்களுக்கு என் விலாசம் தேவைப்பட்டிருக்கிறது.

காலுறையைத் திருப்பி அனுப்புகிறேன். அவன் காலில் கம்பளி படக்கூடாது.

இனி எழுத வேண்டாம்.

நிரோஜா


குருநகர்
ஏப்ரல் 17

நீக்கிலாவுக்கு,

தபாலில் சேர்த்ததைத் திருப்பி எடுக்க முடியாது. நிரோஜாவின் பதில் வந்தது. காலின் கதை முழுக்க அறிந்தேன்.

அதைப் பற்றி நான் உன்னிடம் கேட்கவில்லை. கை விறைத்தால் சூடு தெரியாது, அது யாருக்கும் நடக்கும். ஒன்றே ஒன்று கேட்கிறேன். அம்மாவும் எனக்கு இப்படித்தான் செய்தவ என்று அவள் சொன்னாளா? அவள் இல்லை என்கிறாள். கோபத்தில் மறுக்கிறாளா, இல்லை உண்மையிலேயே சொல்லவில்லையா என்று எனக்குத் தெரிய வேண்டும். கோபத்தில் மறுக்கிறாள் என்றால் நான் இன்னும் காத்திருக்கலாம்.

ஓம் அல்லது இல்லை. வேறு ஒன்றும் எழுதாதே.

சிசிலி


லவால்
மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

இப்படி ஒரு கேள்வி உங்களிடமிருந்து வரும் என்று எனக்கு முன்னமே தெரியும். உங்கள் கடிதத்தைப் பிரிக்க முன்னமே யோசெப்பிடம் சொன்னேன், அவனைக் கேட்டுப் பாருங்கள். ஓம் அல்லது இல்லை என்று எழுதி ஒட்டிவிட்டுப் போக என்னால் முடியாது. எனக்கு எழுத்துத்தான் வராது, கதை வரும்.

என் சுகம் பரவாயில்லை. ஸ்னோ எல்லாம் கரைந்துவிட்டது. முழங்கால் ஒன்றும் சொல்லவில்லை, பார்த்தால் கரைந்திருந்தது. ஒரு நாள் மெட்ரோ எடுத்து, பிறகு பஸ் எடுத்து, அந்த மேட்டுக்குப் போனேன். அடிவாரத்தில் சேற்றுக்குள் நிஷானின் சப்பாத்துக் கிடந்தது. நீலம், பக்கத்தில் ஒரு கரடிப் படம். நான் தோண்டிய இடத்துக்கும் அதற்கும் ஒரு முழம் இல்லை. கழுவிக் காயவைத்து, அவர்கள் வீட்டுக் கதவில் கொழுவிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். எதிர்ப்பக்க டெப்பனர் கடை வாசலில் நின்று பார்த்தேன். நிரோஜா பிள்ளைகளோடு வெளியில் வந்தாள். தனுஷா என்னைக் கண்டாள். தொன்தோன் என்று கூப்பிடுவாள் என்று நினைத்தேன், அவள் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிவிட்டாள். நிஷான் நடக்கிறான். நொண்டுகிறான், ஆனால் நடக்கிறான். இது நான் கண்ணால் பார்த்தது. சப்பாத்து என்னிடம்தான் இருக்கிறது. இனி அது அவனுக்கு அளவில்லை.

அன்றைக்கு அவள் நிலத்தில் இருந்து அழவில்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, "தண்ணியைக் கை வைச்சுப் பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். "ஓம், பாத்தனான் பிள்ளை" என்றேன். அதற்குப் பிறகு அவள் என்னோடு கதைத்தது ஒரே ஒரு தரம், போகச் சொல்ல. உங்கள் பெயரை அவள் எடுக்கவில்லை. யோசெப்பின் வீட்டில் இருந்து எழுதும்போது, எல்லாம் போய்விட்டதே, இதிலாவது ஒரு நன்மை வரட்டும் என்று அந்தச் சொல்லை அவள் வாயில் வைத்தேன். நீங்கள் நம்பமாட்டீர்கள் என்றுதான் நினைத்தேன். நான் எழுதிய எதையும் நீங்கள் நம்பியதில்லையே, அக்கா.

இல்லை. அவள் சொல்லவில்லை.

ஆனால் அந்தத் தண்ணீர்க் கதை நான் கட்டியதல்ல. சின்ன வயதில் கரைவலை இழுக்கப் போய்விட்டு மார்கழி மழையில் விறைத்து வருவேன். நீங்கள் படித்துக்கொண்டிருந்த புத்தகத்தைப் பாயில் கவிழ்த்துவிட்டு, சுடுதண்ணீரில் உப்புப் போட்டு, முதலில் உங்கள் கையை வைத்துப் பார்த்து, பிறகுதான் காலை வைப்பீர்கள். அந்தக் கால் என்னுடையது.

தம்பி
நீக்கிலா